இரண்டு எட்டா, ஒரு பதினாறா: கோர்சேர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ் ரேம் கிட், வாங்குவதிலிருந்து மாட்டுவது வரை

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங் வட்டாரத்தில் லோ யாட் பிளாசாவுக்குள் நுழைந்து "பதினாறு ஜிபி ரேம்" என்று மட்டும் கேட்டால், கையில் கிடைப்பது பெரும்பாலும் ஒற்றை ஸ்டிக்தான். கேட்டது பதினாறு, கொடுத்ததும் பதினாறு. கடைக்காரர் மேல் பிழை சொல்ல முடியாது. ஆனால் அதே பதினாறை எட்டு எட்டாக இரண்டு ஸ்டிக்கில் வாங்கி, சரியான இரண்டு ஸ்லாட்டில் மாட்டினால் நினைவகத்தின் வேகம் இரட்டிப்பாகிறது. எனவே கேட்கும்போதே "டுவா கெப்பிங், லாப்பான் லாப்பான், சத்து கிட்" (மலாயில் 'இரண்டு துண்டு, எட்டு எட்டு, ஒரு கிட்') என்று கேளுங்கள். எந்தக் கடையிலும் புரியும்.

இங்கே மதிப்பிடுவது அப்படி இரட்டையாக வரும் ஒரு பொருளை: கோர்சேர் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ், டிடிஆர்4, 3200, 16 ஜிபி (8 ஜிபி இரண்டு). பல வருடங்களாகச் சந்தையில் இருக்கும் சாதாரண கறுப்பு ரேம். விளக்கு இல்லை, அலங்காரம் இல்லை. பழைய டிடிஆர்4 டெஸ்க்டாப்பை இன்னும் சில வருடம் ஓட்ட நினைப்பவர்களுக்கு இன்றும் தைரியமாகச் சொல்லக்கூடிய கிட் இது. ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இதை மாட்டும் விதம் தவறினால், கொடுத்த காசில் பாதி வேலை செய்யாது. அதனால் பொருளைப் பற்றிச் சொல்வதைவிட மாட்டுவதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கு. சேனல் என்பது ப்ராசசருக்கும் ரேமுக்கும் இடையே தரவு போகும் பாதை. டிடிஆர்4-இல் ஒரு சேனலின் அகலம் 64 பிட், அதாவது 8 பைட். 3200 என்ற எண், ஒரு வினாடிக்கு 3200 மில்லியன் முறை தரவு நகர்கிறது என்பதைக் குறிக்கிறது. இரண்டையும் பெருக்கினால் வினாடிக்கு 25.6 ஜிபி. இரண்டு சேனலும் சேர்ந்து ஓடினால் 51.2 ஜிபி. ப்ராசசருக்குள் இருக்கும் மெமரி கண்ட்ரோலர், தரவைச் சிறு சிறு துண்டுகளாக்கி ஒன்றை இந்தப் பக்கம், அடுத்ததை அந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போடுகிறது. படிக்கும்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கொடுக்கின்றன. டூயல் சேனல் என்பது இவ்வளவுதான். ரேமில் அப்படி ஒரு வகை கிடையாது. "டூயல் சேனல் ரேம்" என்று பெட்டியில் அச்சிட்டிருந்தால், இரண்டு ஸ்டிக்கைச் சேர்த்துச் சோதித்து ஒன்றாக அடைத்திருக்கிறார்கள் என்று பொருள். சேனல்கள் ப்ராசசரிலும் மதர்போர்டிலும் இருக்கின்றன.

யாருக்கு இது தேவை? தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி, 3400ஜி போன்ற ப்ராசசரை வைத்திருப்பவர்களுக்குக் கண்டிப்பாகத் தேவை. அந்த ப்ராசசர்களுக்குள் இருக்கும் கிராபிக்ஸுக்குச் சொந்த நினைவகம் கிடையாது. இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. ஒற்றைச் சேனலில் விட்டால் படத்தை வரைவதற்கும் விளையாட்டை ஓட்டுவதற்கும் சேர்த்து அந்த 25.6 ஜிபி மட்டுமே. இரண்டாவது ஸ்டிக்கைப் போட்டவுடன் வரும் வித்தியாசத்தை அளக்க மென்பொருளே தேவையில்லை, கண்ணுக்கே தெரியும். தனி கிராபிக்ஸ் கார்ட் உள்ளவர்களுக்குச் சராசரி வேகம் ஓரளவு கூடும். அதைவிட, நடுநடுவே வரும் திக்கல்கள் குறையும். வீடியோ எடிட்டிங், பெரிய கோப்புகளைச் சுருக்குவது போன்ற வேலைகளுக்கும் பலன் உண்டு. கணக்குப் புத்தகமும் பிரவுசரும் மட்டும் ஓடும் அலுவலகக் கணினியில் பெரிதாக எதுவும் தெரியாது. அங்கே 8-லிருந்து 16-க்குப் போவதுதான் உண்மையான மாற்றம்.

இப்போது பொருளைப் பார்ப்போம். ஸ்டிக்கின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் நீளமான ஒரு மாடல் எண் இருக்கும். கடையில் பெட்டியைக் கையில் வாங்கியதும் படிக்க வேண்டியது அதைத்தான். "சிஎம்கே" என்று தொடங்கினால் வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸ். அடுத்து வரும் "16ஜி" மொத்தக் கொள்ளளவு. "எக்ஸ்4" என்பது டிடிஆர்4. அதற்கடுத்த "எம்2"தான் முக்கியம்: பெட்டிக்குள் இரண்டு ஸ்டிக் என்று அர்த்தம். அந்த இடத்தில் "எம்1" என்றிருந்தால் அது ஒற்றைப் பதினாறு. ஒரு எழுத்தும் ஓர் எண்ணும்தான் வித்தியாசம். கண்ணாடிப் பேழைக்கு வெளியே நின்று பார்த்தால் பெட்டியின் முகப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பிறகு "3200" வேகம், "சி16" தாமதம்.

"எம்2"வுக்கு அடுத்து ஒரு ஆங்கில எழுத்து வரும். பி என்றிருந்தால் டைமிங் (ரேம் பதில் தர எடுக்கும் துடிப்புகளின் எண்ணிக்கை, குறைந்தால் நல்லது) 16-18-18-36. இ என்றிருந்தால் 16-20-20-38. இரண்டுமே சிஎல்16 என்றுதான் விற்கப்படுகின்றன. அன்றாடப் பயன்பாட்டில் இந்த வித்தியாசம் தெரியாது, ஆனால் ஒரே விலை சொன்னால் பி எழுத்தையே எடுங்கள். லேபிளின் இன்னொரு மூலையில் "வெர்" என்று போட்டு ஒரு பதிப்பு எண் இருக்கும். அதன் முதல் இலக்கம் உள்ளே உள்ள சிப் யாருடையது என்பதைக் காட்டும்: 3 என்றால் மைக்ரான், 4 என்றால் சாம்சங், 5 என்றால் ஹைனிக்ஸ். ஒரே மாடல் எண்ணுக்குள்ளேயே சிப் மாறுகிறது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இன்று ஓர் எட்டு, அடுத்த மாதச் சம்பளத்தில் இன்னோர் எட்டு என்று வாங்கினால், பெயர் ஒன்றாக இருந்தும் உள்ளே வேறு வேறு சரக்காக இருக்கலாம். பெரும்பாலும் ஓடிவிடும், ஓடாதபோது காரணம் கண்டுபிடிப்பது பெரிய பாடு. தனித்தனியாக வாங்குவதற்கும் கிட்டாக வாங்குவதற்கும் சில வெள்ளிதான் வித்தியாசம் என்றால் யோசிக்காமல் கிட்டையே எடுங்கள். ரேம் விலை வாரத்துக்கு வாரம் ஆடுகிறது, அதிலும் 2025 கடைசியிலிருந்து நன்றாகவே ஏறியிருக்கிறது. ஆகவே இரண்டு மூன்று கடையில் அன்றைய விலையைக் கேட்ட பிறகு பணத்தை எடுங்கள்.

எல்பிஎக்ஸின் மிகப் பெரிய பலம் உயரம் குறைவாக இருப்பது. அதே நிறுவனத்தின் விளக்கு வைத்த வெஞ்சன்ஸ் ஆர்ஜிபி ப்ரோ 51 மில்லிமீட்டர் உயரம். பெரிய டவர் கூலர் போட்ட கணினியில் கூலரின் ஃபேன் முதல் ஸ்லாட்டுக்கு மேலே, சிலவற்றில் இரண்டாவது ஸ்லாட்டுக்கு மேலேயும் வந்து நிற்கும். அந்த உயர ரேமை வாங்கி வந்துவிட்டு, ஃபேனை மேலே தூக்கி மாட்டி, பிறகு கேஸின் பக்கக் கதவு மூடவில்லை என்று தவிப்பவர்கள் உண்டு. எல்பிஎக்ஸ் இந்த இடத்தில் தொந்தரவே தருவதில்லை. மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தகடு 1.35 வோல்ட்டில் வரும் சூட்டுக்குப் போதும். நம் ஊர் வெப்பத்தில், ஏர்கான் இல்லாத அறையில்கூட டிடிஆர்4-3200-க்குத் தனி ஃபேன் தேவையில்லை.

வாங்குவதற்கு முன் உங்கள் போர்டைப் பாருங்கள், ஏனென்றால் 3200 என்று எழுதியிருப்பதால் மட்டும் 3200-இல் ஓடிவிடாது. இன்டெல் எச்310, பி365, எச்410, பி460 சிப்செட் போர்டுகளில் ரேமை ப்ராசசரின் அதிகாரபூர்வ எல்லைக்கு மேல் ஓட்ட வழியில்லை. கோர் ஐ5-10400 போட்ட எச்410 போர்டில் இந்த கிட் 2666-இல் நிற்கும். கெட்டுப்போகாது, டூயல் சேனலும் கிடைக்கும். ஆனால் 3200-க்கென்று கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஏஎம்டி பக்கம் ரைசன் 3000, 5000 வரிசைகளுக்கு 3200 அதிகாரபூர்வ வேகமே, 3400ஜிக்கு மட்டும் 2933. முதல் தலைமுறை ரைசன் 5 1600 வைத்திருப்பவர்கள் 3200-ஐ நம்பி வாங்க வேண்டாம். அதன் அதிகாரபூர்வ எல்லை 2666, பல போர்டுகளில் 2933 வரைதான் நிம்மதியாக ஓடும். ஏஎம்5 சாக்கெட் போர்டு என்றால் இந்த கிட் பக்கமே போகாதீர்கள், அது டிடிஆர்5 மட்டும். இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறைக்கு இரண்டு வகை போர்டும் உண்டு, பெயரைப் பார்த்து வாங்குங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. நுழையவில்லை என்றால் அழுத்தாமல் எடுத்துப் பாருங்கள்.

எந்த ஸ்லாட்?

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் ப்ராசசரிலிருந்து எண்ணினால் வரிசை ஏ1, ஏ2, பி1, பி2. இரண்டு ஸ்டிக் மட்டும் இருந்தால் ஏ2, பி2 இரண்டிலும் போட வேண்டும்: ப்ராசசரிலிருந்து இரண்டாவதும் நான்காவதும். எம்எஸ்ஐ, ஆசுஸ், ஏஎஸ்ராக் போர்டுகளில் அநேகமாக இதே வரிசைதான். ஜிகாபைட்டின் சில போர்டுகளில் எழுத்து இல்லாமல் எண் மட்டும் இருக்கும், அந்த எண்கள் ஒழுங்கான வரிசையிலும் இருக்காது. அங்கே மேனுவலைத் திறந்து பார்ப்பதுதான் வழி. ஸ்லாட்டின் நிறத்தை நம்பலாமா என்றால், பழைய போர்டுகளில் ஒரே நிற ஜோடியில் போடுவது சரியாக இருந்தது. இன்றைய போர்டுகளில் நான்கும் கறுப்பாகவே வருவதால் அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஏன் இரண்டும் நான்கும், ஏன் ஒன்றும் மூன்றும் கூடாது? ப்ராசசரிலிருந்து வரும் கம்பிகள் முதலில் ஏ1-ஐத் தொட்டு, அங்கிருந்து ஏ2-க்குப் போய் முடிகின்றன. ஏ2-இல் ரேம் இருந்தால் கம்பியின் கடைசி முனையில் ரேம் இருக்கிறது, சிக்னல் அங்கே போய் முடிந்துவிடுகிறது. ஏ1-இல் மட்டும் போட்டு ஏ2-ஐக் காலியாக விட்டால், ரேமைத் தாண்டி ஒரு துண்டுக் கம்பி சும்மா தொங்குகிறது. சிக்னல் அதன் முனை வரை போய் மோதித் திரும்பி வந்து அடுத்த சிக்னலோடு கலக்கிறது. 2133-இல் இது பெரிதாகத் தெரியாது. 3200-இலும் அதற்கு மேலும் போகும்போதுதான் பூட் ஆகாமல் போவதும், எப்போதாவது வரும் நீலத்திரையும். ஒன்றிலும் மூன்றிலும் போட்டாலும் டூயல் சேனல் வரும், ஆனால் நிலைத்தன்மை குறையும்.

மோசமான தவறு வேறொன்று. ஒன்றிலும் இரண்டிலும், அதாவது ஏ1, ஏ2 இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுவிடுவது. இரண்டு ஸ்டிக்கும் ஒரே சேனலுக்குள் போய்விடும். கணினி ஓடும். 16 ஜிபி காட்டும். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் "நான்கில் இரண்டு ஸ்லாட்" என்றுகூட வரும். எந்த எச்சரிக்கையும் இருக்காது. ஒற்றைச் சேனலில் வருடக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அது தெரியாமலே போவதற்கு இதுதான் காரணம். கடையில் கட்டிக் கொடுத்த கணினியாக இருந்தாலும் ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

மாட்டும் முறை

ஷட்டவுன் செய்து, பவர் சப்ளையின் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்து, வயரைப் பிடுங்குங்கள். பிறகு கேஸின் பவர் பட்டனைச் சில வினாடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் இறங்கும். கேஸைப் படுக்க வையுங்கள். நிற்க வைத்து மாட்டும்போது போர்ட் பின்னால் வளைந்து கொடுக்கும், அழுத்தம் சரியாகச் சேராது. நம் ஊர் ஈரக் காற்றில் நிலைமின்சாரம் குறைவு என்றாலும் ஏர்கான் ஓடும் அறையில் காற்று வறண்டிருக்கும், அதனால் கேஸின் பெயின்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். தங்க நிறப் பற்களில் விரல் படாமல் ஓரங்களைப் பிடித்து எடுங்கள்.

பல போர்டுகளில் கிளிப் ஒரு பக்கம்தான் திறக்கும். கிராபிக்ஸ் கார்ட் பக்கம் உள்ள முனை அசையாது. அந்த அசையாத முனையில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. டிடிஆர்4 ஸ்டிக்கின் அடிவிளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: நேர்கோடாக இருக்காது, நடுப்பகுதி ஓரங்களைவிடச் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். எல்லாப் பற்களும் ஒரே நேரத்தில் அழுந்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அதனால் நடுப்பகுதி உட்கார்ந்தவுடன் "உள்ளே போய்விட்டது" என்று கை நினைக்கும். ஓரங்கள் இன்னும் மேலேயே இருக்கும். வெட்டை ஸ்லாட்டின் மேட்டோடு பொருத்தி, அசையாத முனையை முதலில் அழுத்தி உட்கார வைத்து, பிறகு கிளிப் உள்ள முனையைக் கட்டைவிரலால் நேராகக் கீழே அழுத்துங்கள். கிளிப் தானாக எழுந்து "டக்" என்று பூட்ட வேண்டும். நீங்கள் கையால் கிளிப்பை மூடியிருந்தால் அது பூட்டியதாக ஆகாது. கடைசியாகக் குனிந்து பக்கவாட்டில் பாருங்கள்: இரண்டு ஸ்டிக்கின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில், ஸ்லாட்டுக்கு இணையாக இருக்க வேண்டும். ஒரு முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கியிருந்தாலும் அந்த ஸ்டிக் தெரியாமல் போகலாம்.

இரண்டே ஸ்லாட் உள்ள சிறிய போர்டுகளுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை. இரண்டையும் நிரப்பினால் முடிந்தது.

முதல் பூட்டில் கணினி இரண்டு மூன்று முறை தானாக அணைந்து எழலாம். புது ரேமோடு போர்ட் பழகும் நேரம் அது. ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள், பவர் பட்டனைப் பிடித்து அழுத்தாதீர்கள்.

எக்ஸ்எம்பி

கணினி எழுந்துவிட்டது என்று மூடியைப் போட்டுவிடாதீர்கள். இந்த கிட் பெட்டியிலிருந்து வந்தபடியே 2133 வேகத்தில், 1.2 வோல்ட்டில்தான் எழும். 3200 என்பது ஸ்டிக்கின் உள்ளே எழுதி வைத்திருக்கும் ஒரு ப்ரொஃபைல், அதற்குப் பெயர்தான் எக்ஸ்எம்பி. அதை பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் போர்டின் அமைப்புத் திரையில், நாம்தான் இயக்க வேண்டும். பூட் ஆகும்போது டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போனால், எம்எஸ்ஐ ஏஎம்டி போர்டுகளில் மேலேயே "ஏ-எக்ஸ்எம்பி" என்று ஒரு பட்டன் இருக்கும். ஆசுஸ் ஏஎம்டி போர்டுகளில் அதன் பெயர் "டிஓசிபி". இன்டெல் போர்டுகளில் நேரடியாக எக்ஸ்எம்பி. ப்ரொஃபைல் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும் வேகம் 3200, டைமிங் 16-18-18-36 (இ எழுத்து என்றால் 16-20-20-38), வோல்டேஜ் 1.35 மூன்றும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எஃப்10 அழுத்திச் சேமித்து வெளியே வாருங்கள். ரைசனில் 3200 வைத்தால், ப்ராசசரின் உள்பகுதிகளை இணைக்கும் ஃபேப்ரிக்கின் கடிகாரம் 1600-இல், ரேமோடு ஒன்றுக்கு ஒன்றாக ஓடும். அதைத் தொட வேண்டாம், ஆட்டோவிலேயே விடுங்கள்.

சரிபார்க்க சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும். அதன் மெமரி பக்கத்தில் சேனல் என்ற இடத்தில் "டூயல்" என்றோ, புதிய பதிப்பில் "2 x 64-பிட்" என்றோ வர வேண்டும். டிராம் ஃப்ரீக்வன்சி 1600-க்குப் பக்கத்தில் காட்டும். பாதிதான் வருகிறது என்று பதறாதீர்கள். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு நகர்வதால் 1600 என்பது 3200தான். 1066 என்று காட்டினால் எக்ஸ்எம்பி இயங்கவில்லை. எஸ்பிடி பக்கத்தில் ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பார்த்தால் மாடல் எண்ணும் தயாரிப்பு வாரமும் வரும். இரண்டும் ஒன்றாக இருக்கின்றனவா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஐடா64 என்ற சோதனை மென்பொருளை வைத்து அளப்பவர்களுக்கு ஒரு விஷயம், இது பலரைக் குழப்புகிறது. ரைசன் 5 3600, 5600 போன்ற ப்ராசசர்களில் படிக்கும் வேகம் நாற்பதுகளில் வரும், ஆனால் எழுதும் வேகம் 25 ஜிபி பக்கத்திலேயே நின்றுவிடும். ரேமிலோ ஸ்லாட்டிலோ பிழை இல்லை. அந்த ப்ராசசர்களில் கோர்கள் இருக்கும் சிப்லெட்டிலிருந்து (தனிச் சிறு சிப்) மெமரி கண்ட்ரோலருக்குப் போகும் எழுதும் பாதையே படிக்கும் பாதையில் பாதி அகலம். 5600ஜி ஒரே சிப்பாகச் செய்யப்பட்டதால் அதில் இந்த வித்தியாசம் வராது. படிக்கும் வேகமும் 25-ஐத் தாண்டவில்லை என்றால்தான் மூடியைத் திறக்க வேண்டும்.

5600ஜி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: 16 ஜிபி போட்டும் விண்டோஸ் 14-க்குக் குறைவாகக் காட்டலாம். கிராபிக்ஸுக்கென்று பயாஸ் 2 ஜிபியை எடுத்து வைத்திருக்கிறது. 8 அல்லது அதற்கும் குறைவாகக் காட்டினால்தான் கோளாறு.

ஓடாதபோது

திரை கறுப்பாகவே இருந்தால் போர்டின் ஓரத்தில் உள்ள சிறு விளக்குகளைப் பாருங்கள். எம்எஸ்ஐயில் ஈஇசட் டிபக், ஆசுஸில் க்யூ-லெட் என்று பெயர். "டிராம்" என்ற இடத்தில் விளக்கு எரிந்து நின்றால் ரேம் பக்கம் பிரச்சினை. பத்தில் எட்டு முறை ஸ்டிக் முழுதாக உட்காராததுதான் என்பது பழுது பார்ப்பவர்களிடம் கேட்டால் யாரும் சொல்லும் பதில். எடுத்துத் திரும்ப மாட்டுங்கள். பழைய ஸ்டிக் என்றால் பற்களில் படிந்த கறையை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். நம் ஈரப்பதத்தில் இது அடிக்கடி தேவைப்படும். அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் உண்டு, வேலையும் செய்யும், ஆனால் மேல்பூச்சு தேயும், துகள் ஸ்லாட்டுக்குள் விழும்.

அதற்குப் பிறகும் இல்லை என்றால் வரிசையாகப் போங்கள். ஒரே ஒரு ஸ்டிக்கை ஏ2-இல் மட்டும் வைத்து எழுப்புங்கள். எழுந்தால், அதை எடுத்துவிட்டு மற்றதை அதே ஏ2-இல் வையுங்கள். இரண்டும் ஏ2-இல் எழுந்தால் இரண்டு ஸ்டிக்கும் நல்லவை. இப்போது ஒன்றை பி2-இல் மட்டும் வைத்துப் பாருங்கள். எந்த ஸ்டிக்கும் பி2-இல் எழவில்லை, பி1-இலும் எழவில்லை என்றால் பி சேனலே செத்திருக்கிறது, ரேமை மாற்றிப் பயனில்லை. அப்போது பார்க்க வேண்டிய இடம் ப்ராசசர். மெமரி கண்ட்ரோலர் அங்கேதான் இருக்கிறது, சேனலின் கம்பிகள் ப்ராசசரின் பின்கள் வழியாகத்தான் போகின்றன. இன்டெல்லில் சாக்கெட்டுக்குள் ஒரு பின் வளைந்திருந்தால் போதும், ஒரு சேனல் முழுதும் காணாமல் போகும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டில் பின்கள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன. பேஸ்ட் காய்ந்து ஒட்டிய கூலரை நேராக மேலே இழுத்தால் ப்ராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், பின்கள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்த பிறகு கூலரை இடம் வலமாகத் திருகித் தளர்த்திக் கழற்றுவதுதான் சரியான முறை. கூலரின் ஒரு பக்கத் திருகை மட்டும் இறுக்கியிருந்தாலும் சேனல் போகும். நான்கையும் குறுக்குமறுக்காகச் சமமாக இறுக்குங்கள்.

2133-இல் நன்றாக ஓடி, எக்ஸ்எம்பி போட்டவுடன் எழவில்லை என்றால் பயப்பட எதுவுமில்லை. பெரும்பாலான போர்டுகள் சில முறை முயன்றுவிட்டுத் தானே பழைய வேகத்துக்குத் திரும்பும். திரும்பவில்லை என்றால் வயரைப் பிடுங்கிவிட்டு, எம்எஸ்ஐயில் "ஜேபிஏடி1", ஆசுஸில் "சிஎல்ஆர்டிசி" என்று எழுதிய இரண்டு பின்களை ஸ்க்ரூடிரைவர் முனையால் பத்து வினாடி தொட்டுப் பிடியுங்கள். பயாஸ் அமைப்புகள் அழிந்து பழையபடி எழும். பிறகு பயாஸைப் புதுப்பியுங்கள், குறிப்பாக பி350, பி450 போர்டுகளில் ரேம் ஒத்துழைப்பு புதிய பயாஸில் நிறைய மேம்பட்டிருக்கிறது. அதை மாலை இடி மழை நேரத்தில் செய்யாதீர்கள். பாதியில் கரண்ட் போனால் போர்டே போகும். அப்படியும் 3200 நிற்கவில்லை என்றால் ப்ரொஃபைலைப் போட்டு வேகத்தை மட்டும் 2933 என்று குறையுங்கள். டூயல் சேனலில் ஓடும் 2933, ஒற்றைச் சேனலில் ஓடும் 3600-ஐவிட எவ்வளவோ மேல்.

எழுந்துவிட்டது என்பதும் நிலையாக ஓடுகிறது என்பதும் வேறு. மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை யூஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இலவசப் பதிப்பு தரும் நான்கு சுற்றையும் இரவில் ஓட விடுங்கள். காலையில் ஒரே ஒரு பிழை சிவப்பில் இருந்தாலும் அந்த அமைப்பு சரியில்லை. ரேம் பிழை என்பது கோப்பைச் சத்தமில்லாமல் கெடுக்கும். கல்யாண ஆல்பத்தைத் திறக்கும் நாளில்தான் தெரியவரும்.

பிறகு இன்னொரு ஜோடி சேர்க்கலாமா?

முடிந்தால் வேண்டாம். நான்கு ஸ்டிக் போட்டால் ரைசன் 3000, 5000 வரிசைக்கு ஏஎம்டி உத்தரவாதம் தரும் வேகமே சிங்கிள் ரேங்க் (ஸ்டிக்கில் ஒரே ஒரு சிப் தொகுதி) ஸ்டிக்குகளுக்கு 2933 ஆகவும், டூயல் ரேங்குக்கு (இரண்டு தொகுதி) 2667 ஆகவும் இறங்குகிறது. பல போர்டுகள் நான்கிலும் 3200 ஓட்டுகின்றன, ஆனால் அது உங்கள் அதிர்ஷ்டம். 32 ஜிபி தேவைப்படும் என்று இப்போதே தெரிந்தால் இதே வரிசையில் 16 ஜிபி இரண்டாக வரும் கிட்டை வாங்குங்கள், இரண்டு ஸ்லாட் காலியாகவே இருக்கட்டும்.

ஏற்கெனவே ஒரு 8 இருக்கிறது, கூட ஒரு 4 வீட்டில் கிடக்கிறது என்றால் போட்டுப் பார்ப்பதில் தவறில்லை. முதல் 4-ம் மறுபக்கத்து 4-ம் டூயல் சேனலில் ஓடும், மிச்சம் 4 ஒற்றையாக ஓடும். இன்டெல் இதற்கு ஃப்ளெக்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறது. வேகமும் டைமிங்கும் இரண்டில் மெதுவானதற்கு இறங்கும். ஒற்றை 8-ஐவிட இது மேல்.

டிடிஆர்5-க்குப் போகிறவர்களுக்கு ஒரு வரி: அதில் ஒரு ஸ்டிக்குக்குள்ளேயே 32 பிட் துணைச் சேனல் இரண்டு இருக்கின்றன. சிபியு-இசட் "2 x 32-பிட்" என்று காட்டினால் அது ஒற்றை ஸ்டிக். இரண்டு ஸ்டிக் போட்டால் "4 x 32-பிட்" என்று வரும். "இதிலேயே டூயல் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் ஒற்றை ஸ்டிக்கை வாங்கிவிடாதீர்கள். முதல் பூட்டில் திரை சில நிமிடம் கறுப்பாக இருப்பதும் டிடிஆர்5-இல் சாதாரணம்.

வெஞ்சன்ஸ் எல்பிஎக்ஸுக்கு இணையாக அதே விலையில் கிங்ஸ்டன் ஃப்யூரி பீஸ்ட் 3200 கிடைத்தால் அதையும் தயங்காமல் எடுக்கலாம். உயரமும் டைமிங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். விளக்குக்காக மட்டும் அதிகம் கொடுத்து உயரமானதை எடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வாரண்டி விஷயத்தில் ஒன்று. ஒரு ஸ்டிக் கெட்டாலும் கிட் முழுவதையும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். நல்லது வீட்டில், கெட்டது கடையில் என்று பிரிக்க முடியாது. அந்த நாட்களில் கணினி ஓட வேண்டுமென்றால் பழைய ஸ்டிக்கைத் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள். பில்லில் வெறும் "16 ஜிபி ரேம்" என்று எழுதாமல் மாடல் எண்ணை முழுதாக, எம்2 தெரியும்படி எழுதித் தரச் சொல்லுங்கள். சொன்னது ஒன்று கொடுத்தது வேறு என்று தகராறு வந்து கடை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டிப் பதிவு செய்யலாம்; அங்கே பில்தான் பேசும். லோ யாட்டில் தரும் பில்கள் பல சூட்டுக் காகிதத்தில் அச்சானவை, காரின் டேஷ்போர்டில் இரண்டு வாரம் கிடந்தாலே எழுத்து மறைந்துவிடும். கடையை விட்டு இறங்குவதற்குள் பில்லையும், ஸ்டிக்கின் லேபிளையும், வாரண்டி ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்துவிடுங்கள். மாட்டிய பிறகு லேபிள் இருக்கும் பக்கம் தெரியாது.